இனேஸ் டீச்சர் சுரண்டின என் மூஞ்சி

ஓவியம் வரையறவங்களுக்கு முன்னால உட்கார்றது என்ன பெரிய வேலைன்னு கேக்குறவங்க, மூக்கு அரிக்கும்போது சொறியாம ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டிட்டு அப்புறம் வந்து பேசட்டும்.

நீங்களும் என்னை மாதிரிதானே? பேரப்பிள்ளையப் பார்த்துக்கன்னு ஆக்லாந்து வந்து, பிள்ளை ஸ்கூலுக்குப் போனதும் பேச ஆளில்லாம ஹீட்டர்கிட்டயும் கெட்டில்கிட்டயும் பேசிட்டிருக்கிறவங்க. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வேலை கெடைச்சு, அதுவும் வாயை மூடிக்கிட்டு இருக்கிற வேலையா அமைஞ்சா எப்படி இருக்கும்? அந்தப் பாட்டைப் பட்டவ நான். கேளுங்க.

கதவு மாறிப் போனேன்

எங்க வீடு கிளென் ஈடன்ல. மகன் கார்த்திக்குக்கு ஈஸ்ட் டாமாக்கியில ஒரு கிடங்குக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை. காலையில இருட்டோட காரை எடுத்தான்னா டிராஃபிக்ல பாதி ஆயுசு போயிடும். மருமக வித்யா நர்ஸ். அவதான் ஒரு நாள், "அத்தை, டவுன் சென்டர் பக்கத்து ஹால்ல பெரியவங்களுக்கு நாற்காலியில உட்கார்ந்தே யோகா சொல்லித் தர்றாங்களாம், போயிட்டு வாங்களேன்"னா. எனக்கும் முட்டி வலி. முட்டி வலின்னதும் ஞாபகம் வருது, திருச்சியில எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல என்கூட வேலை பார்த்த விமலான்னு ஒருத்தி, முட்டி வலிக்கு ஆமணக்கு எண்ணெய்தான்னு சொல்லிச் சொல்லி ஆபீஸ் நாற்காலி எல்லாத்தையும் பிசுபிசுன்னு ஆக்கி வச்சா. சரி, அது கெடக்கட்டும்.

ஹாலுக்குப் போனா மழை, குடை, ரெண்டு கதவு. ஒண்ணைத் தள்ளிட்டு உள்ள போனேன். நடுவுல ஒரு சின்ன மேடை, மேடை மேல காலியா ஒரு நாற்காலி, சுத்தி பத்துப் பேர் பலகைக்குப் பின்னால நின்னுட்டிருக்காங்க. அட, இந்த ஊர்ல வயசானவங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு நெனச்சுக்கிட்டே மேடையேறி உட்கார்ந்தேன். நரைச்ச முடியை பென்சில் குத்தி கொண்டை போட்ட ஒரு அம்மா வந்து, ரெண்டு விரலால என் தாடையைப் பிடிச்சு ஜன்னல் பக்கம் திருப்பினாங்க. யோகாவாச்சேன்னு நானும் கழுத்தைக் குடுத்தேன். அப்புறம் யாரும் மூச்சை இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. கரகரன்னு கரித்துண்டு சத்தம்தான். அன்னிக்கு உட்கார வேண்டிய மாடல் காய்ச்சல்னு வரலையாம், ஏற்பாடு பண்ணி அனுப்பின ஆள்னு என்னை நெனச்சுட்டாங்க. நான் மெதுவா, "அம்மா, நான் யோகாவுக்கு வந்த ராஜம்"னேன். அந்த அம்மா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காம சொன்னாங்க: "யாருன்னு அப்புறமா சொல்லுங்க. இப்ப அந்தக் கழுத்தை அப்படியே வைங்க."

டீச்சர் வந்த வழி

அவங்கதான் இனேஸ், அன்னிக்கே என்னை வெள்ளிக்கிழமை தோறும் வந்து உட்காரச் சொல்லிட்டாங்க. ஸ்பெயின் தேசம், சரகோசா பக்கத்துல ஒரு சின்ன ஊரு. இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. எனக்கு வாத்தியாரைப் பேர் சொல்ல நாக்கு வரல, அதனால டீச்சர்தான். அவங்க ஊர்ல நம்ம 'ஜ'வை 'ஹ' மாதிரி சொல்லுவாங்களாம், அதனால நான் அவங்களுக்கு 'ராஹம்'. ரெண்டு பேருக்கும் நடுவுல இங்கிலீஷ்தான். அவங்க இங்கிலீஷுக்கும் என் இங்கிலீஷுக்கும் சண்டை வந்தா கை ஜாடை. உங்களுக்காக எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லிடுறேன்.

சின்ன வயசுல மாட்ரிட்ல ஒரு பெரியவர்கிட்ட படிச்சிருக்காங்க. மனுஷன் சனிக்கிழமை சாயங்காலம் கத்தியோட வகுப்புக்குள்ள வருவாராம். பெயின்ட் கலக்குற கத்திதான், தகடு மாதிரி வளையும். பிள்ளைங்க வாரம் முழுக்க வரைஞ்ச படத்தை வரிசையா சுரண்டி எடுத்துட்டு, "திங்கட்கிழமை இதைவிட நல்லா வரும்"னுட்டுப் போயிடுவாராம். அப்புறம் கொஞ்ச வருஷம் சர்ச் கூரையில இருக்குற புனிதர்கள் படத்துக்கெல்லாம் புதுசா வர்ணம் பூசியிருக்காங்க. ஒரு சிநேகிதி கல்யாணத்துக்குன்னு ஆக்லாந்து வந்து, படகுக்குப் பாய் தைக்கிற கிரஹாம்னு ஒருத்தரைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டாங்க. இப்ப பிரிஞ்சாச்சு. அவர் தெற்கே எங்கயோ இருந்து வருஷா வருஷம் ஒரு பெட்டி ஃபீஜோவாப் பழம் பார்சல் அனுப்புறார். இந்த ஊர்ல ஃபீஜோவாவை வேலிக்கு வேலி, எடுத்துட்டுப் போங்கன்னு கூடையில வச்சிருப்பாங்க, அதைப் போய் ஒருத்தர் பார்சல்ல அனுப்புறார்னா ஏன் பிரிஞ்சாங்கன்னு நான் கேக்கவே இல்ல. டீச்சரே ஒரு நாள் பெட்டியைப் பிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "நல்ல மனுஷன்தான், ராஹம். என்ன, எங்க இருக்கோம்னு பார்க்கவே மாட்டார்."

வாய்

கண்ணு அசையக் கூடாதுன்னா அசைய மாட்டேன். கை மரத்துப்போனாலும் பொறுத்துப்பேன். வாய்? முப்பது வருஷம் காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு "நம்பர் ப்ளீஸ்"னு ஆரம்பிச்சு ஊர்க்கதை பூரா பேசினவ நான். டீச்சர் தூரிகையை எடுத்ததும் எனக்கு ஏதாவது ஞாபகம் வந்துடும். எக்ஸ்சேஞ்ச்ல ஒருத்தர் தினம் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, பொண்டாட்டிகிட்ட சாம்பார்ல பெருங்காயம் போட்டாச்சான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடுவார். அந்தக் கதையைத்தான் அன்னிக்கு மேடையில உட்கார்ந்து சொல்லிட்டிருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் மட்டும் சிரிக்கல.

வகுப்புல நமக்கு வேண்டிய ஆள் ஒருத்தர் உண்டு, அருள்நேசன். மன்னார்க்காரர், எலக்ட்ரீஷியனா இருந்து ஓய்வு வாங்கினவர். ஞாயித்துக்கிழமை சர்ச், வெள்ளிக்கிழமை இந்த வகுப்பு. அவர் தன் பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கே பாவமா இருந்துச்சு. "அக்கா, நீங்கள் கதைச்சுக்கொண்டே இருக்கிறபடியால் என்ர படத்தில உங்களுக்கு மூண்டு வாய் வந்திட்டுது."

அதே புடவை

எண்ணெய் வர்ணத்துல ஒரு படம் வரைய பல வாரம் ஆகும்னு எனக்கு யாரு சொன்னா? முதல் வெள்ளிக்கிழமை அரக்கு கலர் சில்க் காட்டன். அடுத்த வெள்ளிக்கிழமை மாம்பழ மஞ்சள்ல பச்சை பார்டர். டீச்சர் தலையில கைய வச்சுக்கிட்டு அவங்க பாஷையில என்னமோ சொன்னாங்க. வகுப்பு பூரா போன வாரம் அரக்கு கலரைக் கலந்து பூசி வச்சிருக்கு. "போன வாரம் கட்டினதையே எப்படி டீச்சர் கட்டுறது? பார்க்கிறவங்க என்ன நெனப்பாங்க?"ன்னேன். இந்த ஊர்ல ஒரே கறுப்பு ஜாக்கெட்டை குளிர்காலம் முழுக்கப் போடுறவங்ககிட்ட போய் இதைச் சொன்னா புரியுமா? உங்களுக்குப் புரியும்.

கடைசியில ஒத்துக்கிட்டேன், வெள்ளிக்கிழமைன்னா அரக்குப் புடவை. ஆனா வகுப்பு முடிஞ்சு வெள்ளிக்கிழமைதான் நான் பஸ் பிடிச்சு சான்ட்ரிங்ஹாம் போயி கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் வாங்குறது. அங்க கல்லாவுல நிக்கிற பொண்ணு சேலத்துக்காரி, நல்ல பொண்ணு. நாலஞ்சு வாரம் பார்த்துட்டு ஒரு நாள் பையைக் கையில குடுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டா: "என்ன ஆன்ட்டி, ஏதாவது வேண்டுதலா?"

கையை எடு

டீச்சர் சொல்லித் தர்ற விதமே தனி. கரித்துண்டை ஒரு நீளக் குச்சி நுனியில கட்டிக் குடுத்து, தள்ளி நின்னு வரையச் சொல்லுவாங்க. கிட்ட போனா மூக்குத் துவாரம்தான் தெரியும், மனுஷி தெரிய மாட்டாங்கிறது அவங்க கணக்கு. ஜூடித்துன்னு ஒரு வெள்ளைக்காரம்மா, ஸ்கூல் லைப்ரரியில இருந்தவங்க, ரொம்ப நல்ல மனசு. எனக்கு ஒரு சுருக்கம்கூட போடாம இளவரசி மாதிரி வரைவாங்க. டீச்சர் அதைப் பார்த்துட்டு, "இது மரியாதை இல்ல ஜூடித், சோம்பேறித்தனம்"னு சொல்லி அத்தனை சுருக்கத்தையும் போட வச்சாங்க. சுருக்கம் என்னுது, திட்டு அவங்களுக்கு.

ஆனா டீச்சருக்கு ஒரு விஷயத்துல அபாரக் கண்ணு. யார் படம் எப்ப முடிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். பூனை மாதிரி பின்னால வந்து கையில இருந்து தூரிகையப் பிடுங்கிடுவாங்க. அன்னிக்கு ஜூடித் என் கண்ணுக்குள்ள இன்னும் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கப் போனாங்க. நான் மேடையில உயிரோட உட்கார்ந்திருக்கேன், அது நினைப்பே இல்லாம டீச்சர் கத்தினாங்க: "போதும், கையை எடு! இன்னொரு புள்ளி வச்சா இவங்க செத்துடுவாங்க!"

சுரண்டல்

ஒரு நாள் டீச்சர், "எனக்காக உட்காருவீங்களா? என் சொந்தப் படத்துக்கு"ன்னாங்க. அவங்க வீடும் பக்கம்தான். பின்னால கராஜ்ல காரே கிடையாது, சட்டமும் துணியும் டர்பன்டைன் வாசனையும்தான். புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானம் நான் அங்க. முதல் நாள் சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தேன். ஐயோ, நான்தான்! என் அம்மா சாயல்கூட எட்டிப் பார்க்குது. "நல்லா வந்திருக்கு டீச்சர்"னு சொல்லி வாய் மூடலை, அவங்க கத்தியை எடுத்து நெத்தியில இருந்து தாடை வரைக்கும் வழிச்சு எடுத்துட்டாங்க. தோசைக்கல்லுல ஒட்டினதை எடுப்போமே, அப்படி. என் இடது கண்ணு ஒரு கந்தல் துணியில ஒட்டிக்கிட்டு என்னையே பார்த்துச்சு.

ஏன்னு கேட்டா, "இன்னும் வரல"ன்னாங்க. அடுத்த வாரமும் வரல. அதுக்கடுத்ததும் வரல. அப்புறம்தான் அருள்நேசன் சொன்னார், டீச்சர் ஒரு முகத்தை முடிச்சு வருஷக்கணக்காச்சாம். ஊரார் படத்தையெல்லாம் கையை எடு கையை எடுன்னு சொல்றவங்களுக்குத் தன் படத்துல கையை எடுக்கத் தெரியல. வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். கார்த்திக், "ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கலாமேம்மா"ன்னான். பேத்தி நிலா, ஒன்பது வயசு, தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லதான் பதில் சொல்லுவா, டேப்லெட்ல இருந்து தலையைத் தூக்கிக் கேட்டா: "அப்ப அவங்க உங்களை டிலீட் பண்ணிட்டாங்களா, பாட்டி?"

சுவத்துக்காரர்

டவுன்ல சின்னதா ஒரு கேலரி வச்சிருக்கிற டேனியல்னு ஒருத்தர், தாடியும் சுருட்டி விட்ட பேன்ட்டுமா ஒரு சனிக்கிழமை கராஜுக்கு வந்தார். நான் நாற்காலியில இருந்தேன். என்னையும் ஸ்டூலையும் ஒரே மாதிரி சுத்திட்டு வந்து படத்துக்கு முன்னால நின்னார். அன்னிக்கு முகம் பாதிதான் வந்திருந்துச்சு. அப்புறம், பள்ளிக்கூட லீவு ஆரம்பிக்கிற வாரம் கேலரியில முகங்களா ஒரு கண்காட்சி வைக்கிறேன், உள்ள நுழைஞ்சதும் எதிர்ல தெரியுதே ஒரு சுவர், அது உங்களுக்குன்னார். ஒரே ஒரு படம் போதும், ஆனா முடிஞ்ச படமா இருக்கணும். அதுக்குள்ள வரலைன்னா அந்தச் சுவத்துல வேற ஒருத்தரோட பீங்கான் தட்டை மாட்டிடுவேன்னார்.

டீச்சர் முகத்தை நான் நல்லாப் பார்த்தேன், அசையக் கூடாதுன்னாலும் கண்ணை உருட்டலாமே. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு, ஆனா அவங்க வரைஞ்சது ஒண்ணும் ஒரு சுவத்துலயும் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "வரும். கட்டாயம் வரும்"னாங்க. டேனியல் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிப் பார்த்தார். "உங்க கை மேல எனக்குச் சந்தேகமே இல்ல, இனேஸ். அந்தக் கத்தி மேலதான் சந்தேகம்."

தூக்கம்

அதுக்கப்புறம் புதன், சனின்னு இருந்தது தினமும்னு ஆச்சு. மத்தியானச் சாப்பாடும் அங்கதான். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு கனமா ஒரு அடை சுடுவாங்க டீச்சர். நான் பருப்புப்பொடி தூவித்தான் சாப்பிடுவேன். அவங்க ஒரு நாள் ருசி பார்த்துட்டு குழாயடியில போய் நின்னாங்க. உறைப்புன்னா ஸ்பெயின்காரங்களுக்கு ஆகவே ஆகாது, வெறும் பூண்டுதான் வீரம்.

அன்னிக்கு மழை விட்டு வெயில் வந்து திரும்ப மழை. இந்த ஊர் வெளிச்சம் வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி, எப்ப காலி பண்ணும்னு தெரியாது. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்னு அவங்க சோபாவுல சாஞ்சாங்க, நான் நாற்காலியிலயே. கண்ணைத் திறந்தா சாயங்காலம். வித்யா போன் பண்ணிப் பண்ணி அலுத்துப்போயிருக்கா. அநியாயமா ஒரு நாள் போச்சேன்னு நான் பதறினேன். லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு? டீச்சர் சோம்பல் முறிச்சுக்கிட்டே வெள்ளையா இருந்த துணியைப் பார்த்துச் சொன்னாங்க: "விடுங்க ராஹம், இன்னிக்கு ஒரு நாளாவது சுரண்ட ஒண்ணுமில்ல."

கத்தி காணாமப் போச்சு

நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் கத்தியை எடுத்து என் கைப்பைக்குள்ள போட்டுட்டேன். கர்சீப்புல சுத்தி, மாத்திரை டப்பாவுக்கு அடியில. அன்னிக்கு படம் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, குறிப்பா கன்னத்து மேட்டுல விழுந்த வெளிச்சம். சாயங்காலம் டீச்சர் மேஜையைத் தேடினாங்க, டிராயரைத் தேடினாங்க, நான் ரொம்ப சுவாரஸ்யமா கூரையைப் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் உள்ள அடுக்களைக்குப் போனாங்க.

அதுக்கு முந்தின வாரம் அவங்களுக்குத் தோசை சுட்டுக் காட்டணும்னு நான்தான் வீட்ல இருந்து ஒரு தோசைத்திருப்பி கொண்டுபோய் அங்கயே வச்சிருந்தேன். நல்ல கனமான எவர்சில்வர், நுனி தேஞ்சு கூர்மையா இருக்கும், என் கல்யாணச் சீர்ல வந்தது. அதைக் கையில எடுத்துட்டு வந்தாங்க. நான் "டீச்சர்"னு கத்துறதுக்குள்ள கன்னம், மூக்கு, வாய் எல்லாம் ஒரே இழுப்புல போச்சு. திருப்பியை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ரொம்ப மரியாதையா கேட்டாங்க: "அருமையான சாமான். இதுக்கு உங்க பாஷையில என்ன பேரு?"

கண்ணு படும்

நாளைக்குக் காலையில படத்தை எடுத்துட்டுப் போக டேனியல் வேன் அனுப்பறேன்னு சொல்லியாச்சு. வகுப்பு ஆளுங்க எல்லாரும் சொல்லி வச்சுக்கிட்டு அன்னிக்கு மத்தியானம் கராஜுக்கு வந்துட்டாங்க. டீச்சரைத் தனியா விட்டா சுரண்டிடுவாங்கன்னு காவலுக்கு. டீச்சரும் விடிகாலையில இருந்து வரைஞ்சிருக்காங்க போல, கண்ணெல்லாம் சிவந்து. படத்தைப் பார்த்தேன். சத்தியமா சொல்றேன், இதுவரைக்கும் சுரண்டினது எல்லாம் சேர்ந்து இதுல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. அரக்குப் புடவையும், வாய் ஓரத்துல ஏதோ சொல்ல வர்ற மாதிரி ஒரு வளைவும். ஜூடித் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அருள்நேசன், "அக்கா, இப்ப எழும்பி வந்து கதைக்கும் போல கிடக்கு"ன்னார். ஆளாளுக்கு ஆஹா, ஓஹோ. டீச்சர் மட்டும் "காபி போட்டுட்டு வர்றேன். அந்த வலது கன்னம் இன்னும் சரியில்ல"ன்னு உள்ள போனாங்க.

இவ்வளவு பேர் இவ்வளவு புகழ்ந்தா என்ன ஆகும்? கண்ணு பட்டுடாது? நம்ம வீட்ல பச்சக் குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டா அடுத்தது என்ன செய்வோம்? யோசிக்கவே இல்லைங்க, கை தானாப் போச்சு. வர்ணம் கலக்குற தட்டுல இருந்த கறுப்பை மோதிர விரல்ல தொட்டு, படத்தோட வலது கன்னத்துல ஒரு பொட்டு வச்சுட்டேன். "கடவுளே, அக்கா..."ன்னார் அருள்நேசன். என் விரலைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், வர்ணம் இன்னும் ஈரம். அப்பத்தான் நான் என்ன பண்ணிட்டேன்னு எனக்கே உறைச்சுது. அந்த நேரம் பார்த்து டீச்சர் காபித் தட்டோட வந்து நின்னாங்க.

தட்டைக் கீழ வச்சாங்க. கத்தியை எடுத்தாங்க. அதை நான்தான் மறுநாளே பயந்துபோய்த் திருப்பிக் குடுத்திருந்தேன். படத்துக்குக் கிட்ட போய், அவங்களே போகக் கூடாதுன்னு சொல்ற அளவுக்குக் கிட்ட போய் நின்னாங்க. நான் திக்கித் திணறி, "எங்க ஊர்ல அழகா இருக்குற குழந்தைக்கு இப்படித்தான் வைப்போம் டீச்சர். ஒரு குறை இருந்தா யாரு கண்ணும் படாது, குழந்தை பிழைச்சுக்கும்"னேன். அவங்க பின்னால நடந்து நடந்து கராஜ் கதவு வரைக்கும் போனாங்க. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாங்க, ரெண்டு கண்ணையும் சுருக்கிப் பார்த்தாங்க. எனக்கு சாமியெல்லாம் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து கத்தியை மேஜையில போட்டுட்டு, மெல்லிசா ஒரு தூரிகை எடுத்து, கீழ் மூலையில கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க: "எனக்கு முடிக்கத் தெரியலன்னு நெனச்சேன், ராஹம். கெடுக்க ஒரு ஆள் இல்லாமத்தான் இருந்திருக்கு."

சுவத்துல

கண்காட்சிக்கு எங்க வீடே போச்சு. கார்த்திக் அரை நாள் லீவு போட்டான். வித்யா, "இன்னிக்காவது வேற புடவை கட்டுங்க அத்தை"ன்னு கெஞ்சினா, ஆனா படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்னா அரக்குதானே பொருத்தம்? கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவத்துல நான். எவ்வளவு பெரிய மூஞ்சி! ஒரு அம்மா படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்து, என் கன்னத்துல மச்சத்தைத் தேடினாங்க. டேனியல் பக்கத்துல வந்து அது தூசியான்னு கேட்டு, கைக்குட்டையால துடைக்கப் போனார். டீச்சர் பாய்ஞ்சு போய் அவர் கையைப் பிடிச்சாங்க. இத்தனை நாள் அடுத்தவங்க படத்துல இருந்துதான் கையை எடுத்தாங்க, முதல் தடவையா தன் படத்துல இருந்து ஒரு கையை எடுத்தாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புல ஒரே கூத்து. டீச்சர் கராஜ்ல அடுத்த துணியை சட்டத்துல அடிச்சுட்டாங்களாம், இந்தத் தடவை அருள்நேசன்தான் மாட்டிக்கிட்டார். நான் மேடையில ஏறி உட்கார்றேன், ஜூடித் தன் படத்தைத் தூக்கிட்டு வந்து என் மடியில வச்சு, "எனக்கும் ஒரு பொட்டு வைங்க ராஜம்"னாங்க. நானும் விரலை நீட்டிட்டேன். டீச்சர் கரித்துண்டு சீவிட்டிருந்தவங்க, அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சு திரும்பச் சீவ ஆரம்பிச்சுக்கிட்டே சொன்னாங்க: "வேண்டாம் ஜூடித், உன் படத்துக்கு இன்னும் அந்த ஆபத்து வரல."

ஒரு படத்துக்கு வரைய ஒருத்தர், உட்கார ஒருத்தர் இருந்தா போதும்னுதான் நானும் நெனச்சேன், முடிச்சு வைக்க ஒரு அதிகப்பிரசங்கியும் தேவைப்படுது, அந்த மூணு வேலையில ரெண்டு எனக்கே கெடைச்சுடுச்சு.